அடுப்படியில் பத்தியம் இருந்த மாடு

ஒரு மாட்டுக்குக் காதை அடைத்து, கம்பளி போர்த்தி, பதினெட்டு நாள் என் அடுப்படியில் குடிவைத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. முழுப் பழியையும் என் நாத்தனார் தலையில் போட்டு எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சுக்குக் கஷாயம் வைத்தது என் கை. அதனால் உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பட்டறைக்காரர்களுக்கென்று கட்டிவிட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. எனக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையும் அதில் ஒரு மாடும். அவளைக் கறுப்பி என்று கூப்பிடுவோம். அவள் அம்மா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நாட்டு மாடு. அப்பா யாரோ ஒரு தோட்டத்துத் துரை வைத்திருந்த சீமைக் காளை. அம்மாவின் திமிலில் பாதியும் அப்பாவின் மடியில் பாதியும் வாங்கிக்கொண்டு பிறந்தவள். கோபம் மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் முழுசாக வந்திருந்தது.

கறுப்பிக்குச் சீக்கே வந்ததில்லை என்று பெருமையடிக்க மாட்டேன். ஒரு தடவை கோமாரி வந்தது. வாயிலும் குளம்பிலும் புண். நாலு நாள் என்னை முறைத்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியை மேய்ந்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். வெயிலா, மழையா, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். கொட்டகையில் பாதிக்குக் கூரை இருந்தது. அடைமழையிலும் அவள் கூரையில்லாத பாதியில் நின்று அசைபோடுவாள். கூரையுள்ள பாதியில் நான் நின்று நனையாமல் பால் கறக்க வழியில்லை.

ரப்பர் விலை விழுந்து, எல்லா இடத்திலும் ஆளைக் குறைக்க ஆரம்பித்த காலம் அது. பட்டறையிலும் பட்டியல் வரப்போகிறது என்று பேச்சு. பட்டியலில் பெயர் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையில் கப்பல் சீட்டைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு ஊரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. எனக்கோ ஊரே கிடையாது. நான் பிறந்தது இங்கேயே, கிள்ளானில். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் சோறு இறங்காமல் பயந்துகொண்டிருந்தேன். இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்படி இருக்கும்போது பட்டறைத் துரை ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே ஒரு மாடு. சந்தன நிறம், திமிலே இல்லாத முதுகு, கண்ணுக்கு மை தீட்டின மாதிரி கறுப்பு வளையம். தன் குழந்தையின் பாலுக்காகக் கப்பலில் வரவழைத்த மாடு அது. கலப்பே இல்லாத சீமை ஜாதி. துரை குடும்பத்தோடு ஆறு மாத லீவில் தன் நாட்டுக்குப் போகிறார். மாடு சினையாக இருக்கிறது. யாரிடம் விடுவது? கறுப்பியின் பளபளப்பை ரயிலில் போகும்போது பார்த்திருக்கிறார்.

"நல்லா ஜாகா பண்ணு, பத்திரமா பாரு," என்றார் துரை, பட்டறையில் பொறுக்கிய தமிழில். "நான் திரும்பி வந்துதான் லிஸ்ட் எழுதும். மாடு நல்லா இருந்தா, உன்னை நான் மறக்காது."

மாடு செத்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என் வீட்டுக்காரர் கயிற்றை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் துரைசானியின் ஆள். துரைசானி என்பது மாட்டுக்கு நான் வைத்த பெயர். காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மாட்டின் முகத்தைப் பார்க்கப் போவார். புல்லைக் கழுவிப் போடுவார். ஈ ஓட்டுவார். நான் தலைவலி என்று படுத்தால், "மாடு சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார். உண்ணியெல்லாம் கறுப்பியை விட்டுவிட்டு அந்தச் சீமைத் தோலுக்கே போய்ச் சேர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டு, ஏதோ எஞ்சினைப் பழுதுபார்த்து முடித்தவர் மாதிரி மூச்சு விடுவார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் துரைசானி கன்று போட்டாள். பெண் கன்று. அன்றைக்கே கிள்ளானிலிருந்து ரயிலேறி என் நாத்தனார் வந்து இறங்கினாள். என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். கிள்ளானில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை. மீதிப் பாதி ஆஸ்பத்திரியில் பிறந்ததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு மூட்டையில் சுக்கு, மிளகு, வசம்பு, சாம்பிராணி எல்லாம் கட்டிக்கொண்டுதான் எங்கேயும் போவாள்.

கொட்டகையில் ஈரத்தில் நின்ற துரைசானியைப் பார்த்ததும் மார்பில் கை வைத்தாள்.

"அடிப்பாவி, பச்ச ஒடம்புக்காரிய மழையில நிறுத்தி வச்சிருக்கியே!"

"அண்ணி, அது மாடு."

"மாடுன்னா பொம்பள இல்லையா?"

"குளிர் தேசத்து மாடுதானே அண்ணி. குளிரு அதுக்குப் பழக்கமா இருக்காது?"

அதற்கு அவள் சொன்ன பதிலை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியவில்லை. "குளிர் தேசத்துக்காரங்கதான் குளிர தாங்க மாட்டாங்க. அதனாலதானே தொரமாருங்க எல்லாம் கோட்டு மேல கோட்டு போடுறாங்க? அங்க மாட்டுக்கும் ஒரு கோட்டு குடுத்திருப்பாங்க. இங்க கோட்டு இல்லாம வந்திருக்கு, பாவம்."

என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். அவர் பட்டறையில் எத்தனையோ துரைமார்களைப் பார்த்தவர். கோட்டு இல்லாத துரையை அவர் பார்த்ததே இல்லை.

கொட்டகையில் காற்று அடிக்கிறது, ஆகவே மாடு உள்ளே வர வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. வீட்டில் காற்றே வராத இடம் என் அடுப்படிதான். அதற்காகத்தான் நான் பத்து வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு ஜன்னல் வையுங்கள் என்று. நல்லவேளை வைக்கவில்லை என்றார் என் வீட்டுக்காரர். அம்மியும் பானையும் வெளியே போயின. மாடு உள்ளே போனது. நான் கொட்டகையில் மூன்று கல்லை வைத்து, கறுப்பி பார்க்கப் பார்க்கச் சமைத்தேன்.

பத்தியம் ஆரம்பமானது. துரைசானிக்குத் தலைக்குத் தண்ணீர் கூடாது. மேலுக்கும் கூடாது. இரண்டு காதிலும் பஞ்சு. அதன் மேல் என் வீட்டுக்காரரின் சிவப்பு மப்ளர், தாடைக்குக் கீழே முடிச்சு. முதுகில் கம்பளி. கழுத்தில் வசம்பு மாலை. காலையும் மாலையும் சாம்பிராணிப் புகை. மூலையில் ஒரு சட்டியில் கரி நெருப்பு. பச்சைப் புல் குளிர்ச்சி என்று அதையும் நாத்தனார் நிறுத்தினாள். வைக்கோலும் கொஞ்சம் புண்ணாக்கும்தான். சாயங்காலம் ஒரு வாளி சுக்குக் கஷாயம், மூங்கில் குழாய் வைத்துத் தொண்டையில். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, எங்களுக்கே இவ்வளவு செய்யவில்லை என்று தங்கள் மாமியார்களைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் மாட்டுக்கு மூச்சு இரைத்தது. நாக்கு வெளியே தொங்கியது. வாயில் நுரை.

"பார்த்தியா? குளுரு நெஞ்சுல ஏறிடுச்சு," என்றாள் நாத்தனார். இன்னொரு கம்பளி வந்தது.

ஐந்தாம் நாள் இன்னும் இரைத்தது. நெருப்புச் சட்டி இரண்டாயிற்று. பத்தாம் நாள் பால் வற்றி, கன்றுக்கே போதவில்லை. கன்று பசியில் கத்திக்கொண்டு கொட்டகைக்கு வந்து கறுப்பியின் மடியில் முட்டியது. கறுப்பி யாரையும் கிட்டே சேர்க்காதவள். அதைத் திரும்பிப் பார்த்தாள், என்னையும் ஒரு தடவை பார்த்தாள், பிறகு காலை அகட்டிக் கொடுத்தாள். அந்தக் கன்று பத்தியமெல்லாம் பார்க்கவில்லை. மழையில் ஓடி, சேற்றில் விழுந்து, எழுந்து திரும்பவும் ஓடியது.

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் ஏதாவது சொல்லி, கம்பளியை எடுத்து, அதனால் மாடு செத்துப்போனால்? பட்டியலில் பெயர் வந்து, கப்பலேறி, தெரியாத ஊரில் இறங்கும்போது என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்ப்பாரே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன். அதனால் கஷாயத்தில் இன்னும் ஒரு பிடி மிளகு சேர்த்தேன்.

பதினெட்டாம் நாள் காலையில் மாட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். அம்பாங் பக்கம் கோமாரி பரவியிருந்தது. வீடு வீடாக மாடு பார்த்துக்கொண்டு வந்தார். வாயில் நுரை தள்ளும் மாடு கிடைத்தால் ஓட்டிக்கொண்டு போய்த் தனியாக அடைத்துவிடுவார்கள். போனது எல்லாம் திரும்பி வருவதில்லை. எங்கள் வீட்டில் நுரை தள்ளிக்கொண்டு நிற்பதோ துரையின் மாடு. என் வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குக் கிளம்பியவர், அப்படியே உறைந்துபோய் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் தமிழர், மரியாதையான மனிதர். கறுப்பியின் வாயைத் திறந்து பார்த்தார். கறுப்பி அவர் தொப்பியை முட்டிச் சேற்றில் தள்ளினாள். நல்ல ஆரோக்கியம் என்று குறித்துக்கொண்டார்.

"ரெண்டு மாடுன்னு சொன்னாங்களே. இன்னொண்ணு எங்கம்மா?"

நான் கறுப்பியின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டப் போனேன். அதற்குள் அடுப்படியிலிருந்து ஒரு நீளமான முனகல் வந்தது. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் நடந்தார். கதவிடுக்கில் சாம்பிராணிப் புகை கசிந்துகொண்டிருந்தது. கதவின் குறுக்கே என் நாத்தனார் நின்றாள்.

"ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது. புள்ள பெத்து பதினெட்டு நாளு ஆவுது."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் சட்டென்று இரண்டடி பின்வாங்கிச் சேற்றுத் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சிக்குங்கம்மா. என்ன கொழந்த?"

"பொட்டப் புள்ள."

"மகாலட்சுமி," என்றார். மறுபடியும் உள்ளே முனகல். அவர் முகம் மாறியது. "அக்கா, மூச்சு ரொம்ப வாங்குதே. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் யாரும் பார்த்தாங்களா?"

"நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்கா. நான் போய் வண்டி சொல்றேன். பச்ச ஒடம்பு, வெளயாடக் கூடாது லா. ஏதாவது சாப்பிடுறாங்களா?"

"எங்க சாப்பிடுறா? நேத்திலேர்ந்து புண்ணாக்கு தொடல," என்றாள் என் நாத்தனார், உண்மையான கவலையோடு.

இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றார். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் பெரிய இடியோடு மழை கொட்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உள்ளே இருந்தவளுக்கு என்ன தோன்றியதோ, கதவு கீலோடு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. நாத்தனார் ஒரு பக்கம், இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம். நடுவில், சிவப்பு மப்ளரும் இரண்டு கம்பளியும் வசம்பு மாலையுமாக, புகை சூழ, துரைசானி.

அவள் ஓடிய ஓட்டத்தைப் பிரிக்பீல்ட்ஸ் அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்த்ததில்லை. வண்ணார் கொடியில் கிடந்த நாலு வேட்டியை இழுத்துக்கொண்டு, ரிக்‌ஷாக்காரர் ஒருவரை மழைச்சாக்கடையில் இறக்கிவிட்டு, கோயில் வாசலைக் கடந்து ரயில் யார்டுக்குள் புகுந்தாள். கோயிலில் இருந்தவர்கள் ஏதோ வாகனம் புறப்பாடு என்று எழுந்து கும்பிட்டார்கள். பின்னால் என் வீட்டுக்காரர் குடையோடு. அவருக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர், நான், கன்று. கடைசியில் நாத்தனார் கஷாய வாளியோடு.

யார்டில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் பெரிய தூண் குழாய் ஒன்று உண்டு. எப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். துரைசானி நேரே அதற்குக் கீழே போய் நின்றாள். மேலே மழை, அதற்கு நடுவில் குழாய்த் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

"ஐயோ, ஜன்னி கண்டுரும்!" என்று அலறிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மாட்டின் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். குழாய்த் தண்ணீர் குடையைக் கிழித்துக்கொண்டு அவர் தலையில் இறங்கியது. அப்படியும் குடைக்காம்பை விடவில்லை.

இன்ஸ்பெக்டர் கம்பளிகளை ஒவ்வொன்றாக உரித்துப் போட்டார். உடம்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். வாயைத் திறந்தார், குளம்பைத் தூக்கினார். பிறகு எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"கோமாரி இல்ல. ஒண்ணும் இல்ல. மாட்ட வேக வச்சிருக்கீங்க. இது பனியில நிக்கிற ஜாதி. அதுக்கு உள்ளுக்குள்ளயே ஒரு அடுப்பு எரியுது. நீங்க வெளியில ரெண்டு அடுப்பு வச்சா எங்க போவும் அது?"

"அப்ப கோட்டு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர், தண்ணீர் ஒழுக.

"கோட்டு தொரைக்குத்தான். மாட்டுக்குத் தோலே போதும்." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார். "குளுருக்கு இது பயப்படாது. ஆனா நம்ம ஊரு உண்ணிக்கும் கோமாரிக்கும் இது கைக்கொழந்த. அதப் பாருங்க. ஒங்க கறுப்பிக்கு அம்மா வழியில சீக்கு தாங்குற ஒடம்பு, அப்பா வழியில பாலு. அது ஒங்களையே காப்பாத்தும்."

"ஆம்பளைக்கு என்னா தெரியும்," என்று சொல்லிவிட்டு என் நாத்தனார் கொண்டுவந்த கஷாயத்தைத் தானே குடித்தாள். அடுத்த ரயிலில் கிள்ளானுக்குப் போய்விட்டாள்.

துரைசானி மூன்றே நாளில் தேறினாள். பச்சைப் புல், தினம் இரண்டு குளியல், மழை வந்தால் இறவாரத்துத் தண்ணீரில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். படுத்தது என் வீட்டுக்காரர்தான். குழாயடியில் நின்றதில் காய்ச்சல், நெஞ்சுச் சளி, நடுக்கம். மாட்டின் கம்பளி அவருக்கு வந்தது. மாட்டின் மப்ளர் வந்தது. சாம்பிராணியும் மீதிச் சுக்கும் வீண்போகவில்லை. இரண்டு வாரம் அவர் பத்தியம் இருந்தார். நான் உண்மையைச் சொல்கிறேன், மாடு அவரைவிடப் பொறுமையாக இருந்தது.

துரை திரும்பி வந்தார். காரில் வரவில்லை, நடந்து வந்தார். துரைசானியும் கறுப்பியும் மழையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தார்கள். கன்று நடுவில். துரை தன் மாட்டின் நெற்றியை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்லா பார்த்திருக்கு," என்றார் கடைசியில். "நல்லா பார்த்திருக்கு."

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"லிஸ்ட் நான் எழுதல. மேலேருந்து எழுதி வந்துட்டு. உன் பேர் இருக்கு." துரை எங்கள் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்தே சொன்னார். "என் பேர் கூட இருக்கு. அடுத்த கப்பல்ல போறது. மாடு கொண்டு போக முடியாது. உனக்கு."

அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும். பதினெட்டு நாள் புகையும், உடைந்த கதவும், கிழிந்த குடையும், இவ்வளவு பயமும் ஒரு காகிதத்துக்குத் தெரியவே இல்லை. என் வீட்டுக்காரர் கொட்டகைப் பக்கமே வரவில்லை. அன்றைக்கு இரண்டு மாட்டையும் நானே கறந்தேன். கறக்கக் கறக்கப் பால் வந்துகொண்டே இருந்தது. ஒரு பாத்திரம் நிறைந்து, இன்னொன்று எடுத்து, அதுவும் நிறைந்த பிறகுதான் எனக்கு அழுகை நின்றது.

கப்பல் சீட்டு வேண்டாம் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டைக் காலி செய்து, பால் வியாபாரத்துக்கு ஆற்றோரம் ஒரு கொட்டகை போட்டோம். முதல் நாள் காலையில், பட்டறைச் சங்கு ஊதுகிற நேரத்துக்கு, என் வீட்டுக்காரர் குளித்து, பட்டறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார்.

"எனக்கு என்னா வேல?" என்று கேட்டார்.

"சாணி அள்ளுங்க," என்றேன்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.